குளிர்ப் பள்ளம்

பெயாஸ்தெப்பே குன்றில் எடுக்கிற கச்சா எண்ணெயை முதன்முறை பார்ப்பவர்கள் அதை எண்ணெய் என்று ஒப்புக்கொள்வதில்லை. வாளியில் எடுத்துக் கவிழ்த்தால் விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும். பனிக்காலத்தில் யோசனைகூடக் கிடையாது, அப்படியே நிற்கும். ஊரில் கூரை ஒழுகினால் அதைத்தான் சூடாக்கிப் பூசுவார்கள். குன்றுக்கு அடியில், வெகு ஆழத்தில், சுண்ணாம்புப் பாறையின் ஊசிமுனைத் துளைகளுக்குள் அது அப்பிக் கிடந்தது. குதிரைத்தலை என்று அந்தப் பக்கத்தார் சொல்லும் பம்புகள் இரண்டு தலைமுறையாகக் குன்று முழுக்கத் தலையாட்டியும், பாறையில் இருப்பதில் சொற்பம்தான் மேலே வந்திருந்தது.

ருகேனுக்கு அந்த வாடை பிறந்ததிலிருந்தே பழக்கம். அப்பா பாத்மான் நகரத்துச் சுத்திகரிப்பு ஆலையில் வெல்டராக இருந்தவர். அங்காராவில் எண்ணெய்ப் பொறியியல் படித்துவிட்டு, அங்கேயே நல்ல வேலை கிடைத்தும் வேண்டாமென்று சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவள். முப்பத்தெட்டு வயது. தங்கையோடு நாலாவது மாடியில் குடியிருந்தாள். காலையில் தங்கை எழுவதற்குள் எல்லை தாண்டிக் கடத்தி வருகிற கள்ளத் தேயிலையில் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுக் குன்றுக்குக் கிளம்பிவிடுவாள்.

கெட்டி எண்ணெயை இளக்க வழி இல்லாமல் இல்லை. கரியமிலவாயுவை அழுத்தி உள்ளே விட்டால் அது எண்ணெயில் கரையும். கரைந்தால் எண்ணெய் உப்பும், இளகும், நகரும். பக்கத்து மலையில் பூமிக்கு அடியிலேயே அந்த வாயு கிடைக்கிறது. குழாய் போட்டுக் கொண்டுவந்து எத்தனையோ வருடமாக உள்ளே விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தொல்லை பாறையில் இருந்தது. பாறை முழுக்க விரிசல். ஒரு கிணற்றில் வாயுவை விட்டால், அது துளைகளுக்குள் புகுந்து எண்ணெயைத் தேடிப் போகாமல், விரிசல் வழியே ஓடி, பக்கத்துக் கிணற்றில் வந்து நின்றுவிடும். ராஜபாட்டை இருக்கும்போது முட்டுச்சந்துக்குள் யார் போவார்கள்?

ருகேன் சொன்ன வழி இதுதான்: முதலில் விரிசல்களை அடைப்போம். தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற ஒரு பசை இருக்கிறது. போகும்போது கஞ்சி மாதிரி போகும், உள்ளே போய்ச் சூட்டில் உறைந்து ஜெல்லியாகிவிடும். அதை விரிசல்களில் நிரப்பிவிட்டுப் பிறகு வாயுவை விட்டால், அதற்குத் துளைகளைத் தவிரப் போக்கிடம் இருக்காது. மூன்று வருடம் நச்சரித்து அனுமதி வாங்கினாள். இலையுதிர் காலத்தில், எண்ணெய் வயலின் நடுவே இருந்த ஒரு கிணற்றில் பசையை ஏற்றினார்கள். பனிக்காலம் முழுக்க வாயுவை ஏற்றினார்கள்.

அவள் சொன்னபடியே நடந்தது. உள்ளே அழுத்தம் ஏறியது. சுற்றியிருந்த கிணறுகளில் வாயு வருவது நின்றேபோனது. எண்ணெய் வயலின் மேலாளர் நெஜ்தெத் பெய், சாதாரணமாக யாரையும் வாய்விட்டுப் பாராட்டாதவர், ஒரு தட்டு பக்லாவா இனிப்பைத் தானே கையில் ஏந்திக்கொண்டு அவள் அறைக்கு வந்தார். அந்தப் பக்கத்தில் மரியாதைக்கு ஆண்களின் பெயரோடு பெய் என்றும் பெண்களின் பெயரோடு ஹானம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

"ருகேன் ஹானம், பாறையை வாயடைக்க வச்சிட்டீங்க. வசந்தத்துல அங்காராவிலேருந்து நிறுவனத்துப் பெரிய ஆளுங்க வராங்க. அதுவரைக்கும் இந்த அழுத்த முள்ளு இறங்காமப் பாத்துக்கோங்க, போதும்."

பனி உருகிப் புல் தலைகாட்டத் தொடங்கிய நாட்களில் கஸால் வந்தாள்.

கஸாலும் அவள் கணவன் ஷேஹ்மூஸும் கிணறுகளுக்குக் கீழே, சரிவில் இருந்த கெவிர் கிராமத்துக்காரர்கள். ஆட்டு மந்தைதான் பிழைப்பு. கஸாலுக்கு ஐம்பது வயது இருக்கும். வாசல் காவலாளி உள்ளே விடமாட்டேன் என்றதற்கு, அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் ருகேனே வெளியே வந்தாள்.

"நீதான் இஞ்சினியரா?"

"ஆமா அத்தே. என்ன விஷயம்?"

"குளிர்ப் பள்ளத்துல ரெண்டு ஆட்டுக்குட்டி செத்துக் கெடக்கு. ஓநாய் கடிச்சிருந்தா ரத்தம் இருக்கும். ரத்தமும் இல்ல, நுரையும் இல்ல. தூங்கற மாதிரி கெடக்கு. கவுதாரிகூட ஒண்ணு கெடக்கு. நீங்க என்னத்த பண்றீங்க அங்க?"

"மருத்துவர்கிட்ட காட்டினீங்களா?"

"மாட்டு டாக்டர் வந்தாரு. வசந்தப் புல்ல அவசரமாத் தின்னா வயிறு உப்பிச் சாகும்னாரு. சரி, குட்டி புல்லு தின்னுச்சு. கவுதாரியுமா தின்னுச்சு?"

ருகேனுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. அன்று பிற்பகலே வாயு மீட்டரை எடுத்துக்கொண்டு கஸாலோடு போனாள். குளிர்ப் பள்ளம் என்பது கிராமத்துக்கும் கிணறுகளுக்கும் நடுவே கிண்ணம்போலக் குழிந்த இடம். கோடையிலும் நிழல் இருக்கும் என்பதால் ஆடுகளை அங்கேதான் மடக்குவார்கள். அன்றைக்குப் பார்த்து மேற்கிலிருந்து காற்று, தலைமுக்காட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று. பள்ளத்தின் அடிவரை இறங்கி, மீட்டரைத் தரையோடு தரையாக வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை.

"ஒண்ணும் காட்டல அத்தே," என்றாள் மேலே ஏறி வந்து. "இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு இங்க மடக்காதீங்க. நான் இன்னொரு தடவை வந்து பாக்கறேன்."

"ஒண்ணுமில்லேன்னா ஏன் மடக்கக் கூடாது?"

ருகேன் மீட்டரை அணைத்துப் பைக்குள் வைத்தாள். "சும்மா, ஒரு ஜாக்கிரதைக்கு," என்றாள்.

"ஜாக்கிரதைக்கு வேற பள்ளம் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கஸால் நடந்தாள்.

அந்த வாரம் முழுக்க ருகேனுக்கு வேலை ஓடவில்லை. எவ்வளவு வாயு உள்ளே போனது, அந்தப் பாறையும் எண்ணெயும் எவ்வளவு ஏற்றுக்கொள்ளும் என்று திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தாள். போனது அதிகமாக இருந்தது. பாறை விழுங்கியதுபோக ஏதோ மிஞ்சியது. சுற்றியிருந்த கிணறுகளுக்கு அது வரவில்லை என்பதில்தான் அவர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வரவில்லை, சரி. அப்படியானால் எங்கே போனது? பக்கவாட்டு வழிகளையெல்லாம் அடைத்தவள் அவள்தான். பக்கவாட்டில் போக முடியாதது மேலே போகும். நடுவே வாயு புகாத களிமண் அடுக்கு இருக்கிறது, அதைத் துளைத்துக்கொண்டு வர முடியாது. யாராவது ஏற்கெனவே துளைத்து வைத்திருந்தாலொழிய.

அந்த நினைப்பு வந்த காலையில் அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். வயல் வண்டியின் ஓட்டுநர் சிதாரை அழைத்தாள். சிதார் தீயணைப்புப் பயிற்சியும் எடுத்தவன். அவனுடைய பிக்கப்பின் பின்னால் மூச்சுக் கருவி ஒன்று எப்போதும் கிடக்கும்.

"எங்கக்கா, இவ்வளவு சீக்கிரம்?"

"குளிர்ப் பள்ளம். இன்னைக்குக் காத்து இல்ல பாரு. அந்த வாயு காத்தவிடக் கனம், அடியிலயே தேங்கும்."

இல்லைதான். குதிரைத்தலைகளின் கிறீச்சொலி பள்ளத்தாக்கு முழுக்கத் தெளிவாகக் கேட்கிற அளவுக்கு அசைவற்ற காலை. திருப்பத்தைக் கடந்ததும் பள்ளம் தெரிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக ஆடுகள் படுத்திருந்தன. ஒன்றும் தலை தூக்கவில்லை. அவற்றின் நடுவே கறுப்பு மேலங்கியோடு ஓர் ஆள் குப்புறக் கிடந்தான். கிராமத்துப் பக்கத்திலிருந்து ஒருத்தி ஓடிவந்துகொண்டிருந்தாள்.

ருகேன் வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள். கஸால் பள்ளத்தின் விளிம்பைத் தொடும்போது குறுக்கே பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இருவரும் கல்லிலும் சேற்றிலும் உருண்டார்கள்.

"விடு! விடுடி! அங்க கெடக்கறாரு பாரு!"

"போகக் கூடாது அத்தே! கீழ மூச்சுவிடக் காத்து இல்ல! போனா நீங்களும் விழுவீங்க!"

"விழறேன்! உனக்கென்ன?"

கஸால் ஆடு பிடித்துப் பழகிய கைக்காரி. முழங்கையால் விலாவில் இடித்தாள். ருகேன் விடவில்லை. மணிக்கட்டில் பல் பதிந்தது. அப்போதும் விடவில்லை. அந்தப் பெண்ணின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சிதார், சீக்கிரம், சீக்கிரம்," என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தாள். கீழே கிடந்தவரின் கை ஒருமுறை இழுத்துக்கொண்டது. அதைக் கஸால் பார்த்தாள். அப்போது அவளிடமிருந்து வந்த சத்தத்தை ருகேனால் பிறகு எந்நாளும் யாரிடமும் விவரிக்க முடியவில்லை.

சிதார் முகமூடியை மாட்டி, காற்று சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு, வண்டி இழுக்கும் கயிற்றின் ஒரு முனையோடு இறங்கினான். ஆடுகளின் மேல் இடறி விழுந்து எழுந்து போய், ஷேஹ்மூஸின் அக்குளுக்கு அடியில் கயிற்றைக் கட்டினான். பிறகு கையை உயர்த்திக் காட்டினான்.

"கயித்தப் பிடிங்க அத்தே! இழுங்க!"

அதற்குப் பிறகு கஸால் திமிறவில்லை. இரண்டு பெண்களும் விளிம்பில் குதிகாலை ஊன்றிக்கொண்டு இழுத்தார்கள். கீழிருந்து சிதார் தள்ளினான். கனத்த உடம்பு. கல்லில் உரசி உரசி மேலே வந்து சேர்ந்தபோது ஷேஹ்மூஸின் உதடு நீலம் பாரித்திருந்தது. சிதார் முகமூடியைக் கழற்றி அவர் முகத்தில் வைத்துவிட்டு நெஞ்சை அமுக்கினான். கஸால் கணவனின் காதருகே குனிந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல், ஒரே வசவாக வைதுகொண்டே இருந்தாள். "எந்திரி, கிழட்டு மூதேவி, எந்திரி. ஆட்டுக்காகச் சாவியா? எந்திரி." ஒரு கேவலோடு மூச்சு திரும்பியது.

பிக்கப்பின் பின்பக்கத்தில் கிடத்தி, சிதார் வண்டியைப் பாத்மான் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். கஸாலும் ஏறிக்கொண்டாள். ருகேன் மட்டும் பள்ளத்து விளிம்பில் நின்றாள். யாரும் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக ஓடிவந்தார்கள். பையிலிருந்த மீட்டரைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினாள். பாதி வழியிலேயே அது அலறத் தொடங்கியது.

அங்கிருந்தே, வாயுவை அழுத்தி ஏற்றுகிற கம்ப்ரெசர் நிலையத்துக்குப் போன் செய்தாள்.

"வாயுவ நிறுத்துங்க. இப்பவே."

"மேலாளர் சொல்லாம எப்படி ஹானம்..."

"ஒரு மனுஷன் இங்க செத்துப் பிழைச்சிருக்கான். நிறுத்திட்டு அவருக்குச் சொல்லு. என் பேரைச் சொல்லு."

நெஜ்தெத் பெய் நேரிலேயே வந்துவிட்டார். வந்தவர் பள்ளத்தைப் பார்த்தார், செத்த ஆடுகளைப் பார்த்தார், சேறும் ரத்தமுமாக நின்ற ருகேனைப் பார்த்தார். முதல் வார்த்தை ஒழுங்காகத்தான் கேட்டார்: "ஆளு பிழைப்பாரா?"

"பிழைப்பார்னு சிதார் போன்ல சொல்றான். எந்த நிலைமையிலன்னு தெரியல."

"நம்ம வாயுதானா இது? நிச்சயமா?"

"அடியில எங்கயோ பழைய கிணறு ஒண்ணு இருக்கணும். அந்தக் காலத்துல எண்ணெய் இருக்கான்னு பாக்கத் தோண்டிட்டு, ஒண்ணுமில்லேன்னு மூடிட்டுப் போயிருப்பாங்க. நான் பக்கத்து வழிய அடைச்சேன். அது இந்த வழியக் கண்டுபிடிச்சிருச்சு."

"சரி, நிறுத்தியாச்சு இல்ல? அப்புறமென்ன, வேலி போடுவோம்."

"நிறுத்தினா போதாது பெய். பனிக்காலம் பூரா ஏத்தினது உள்ளயே இருக்கு. அழுத்தம் இறங்கற வரைக்கும் இந்தப் பள்ளம் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும். நடுக் கிணத்தைத் திறந்து எல்லாத்தையும் வெளிய விடணும். உச்சியில இருக்கற புகைபோக்கி வழியா. அங்க காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

நெஜ்தெத் பெய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "ஏத்தினது அத்தனையும் ஊதித் தள்ளச் சொல்றீங்க. மூணு வருஷம் என் கழுத்தறுத்து வாங்கின சோதனை. ஆளுங்க வர நேரத்துல முள்ளு சைபர்ல நிக்கும். உங்க சோதனைய நீங்களே கொல்றீங்க, தெரியுதா?"

"தெரியுது."

"அழுவீங்க அப்புறம்."

"அழுதுக்கறேன். திறக்கச் சொல்லுங்க."

அவர் திறக்கச் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று ருகேனுக்குப் பல நாள் கழித்துத்தான் தோன்றியது. ஜாந்தர்மா என்கிற கிராமப்புறக் காவல்படை ஆட்கள் பள்ளத்தைச் சுற்றிக் காவல் நின்றார்கள். கிராமம் பள்ளத்தின் அடியைவிட மேட்டில் இருந்ததால் தப்பியது. நடுக் கிணற்றின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். வாயு விரிந்து வெளியேறுகிற வேகத்தில் குழாய் முழுக்க உறைபனி பூத்து, வெயிலில் வெள்ளையாக மின்னியது. உச்சியில் புகைபோக்கி ஓயாமல் சீறிக்கொண்டிருந்தது. ருகேன் தினமும் அதைக் கேட்டுக்கொண்டே இரண்டு இடங்களுக்கும் நடந்தாள்: கிணற்றுக்கும், பள்ளத்துக்கும். பள்ளத்தில் மீட்டரின் முள் நாளுக்கு நாள் இறங்கியது. அவளுடைய சோதனையும் அதோடு சேர்ந்து இறங்கியது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் கஸால் வராந்தாவிலேயே அவளை நிறுத்தி, "தூங்கறாரு," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வாயு தீர்ந்துகொண்டு வந்த ஒரு நாள் சிதார் அறைக்குள் ஓடிவந்தான். "அக்கா, குழாயில என்னவோ வருது. வாங்க."

நாலைந்து ஆட்கள் ஏற்கெனவே கிணற்றைச் சுற்றி நின்றிருந்தார்கள். சோதனைக் குழாயின் கீழே பிடித்திருந்த வாளியில், கறுப்பாக இல்லாமல் பழுப்பாக, கடைந்த மோர்போல நுரைத்துக்கொண்டு எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது. ஒருவன் வாளியைச் சாய்த்தான். ஓடியது. அந்தக் குன்றில் வேலை பார்த்த யாரும் அந்த எண்ணெய் ஓடிப் பார்த்ததில்லை.

"இது நம்ம எண்ணெய் இல்லடா, எங்கயோ வழி தவறி வந்துருச்சு," என்றான் ஒரு கிழவன். எல்லாரும் சிரித்தார்கள்.

ருகேன் சிரிக்கவில்லை. கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தாள். நுரை மெல்ல மெல்ல வெடித்தது. ஒவ்வொரு குமிழியும் எண்ணெய்க்குள் புகுந்திருந்த வாயு, இப்போது அழுத்தம் குறைந்ததும் வெளியே வருகிறது. வரும்போது தன்னை விழுங்கிய எண்ணெயையும் துளைக்குள்ளிருந்து உந்திக்கொண்டு வருகிறது. அவள் எண்ணெயைத் தள்ளப் பார்த்தாள். ஒரு கிணற்றிலிருந்து தள்ளி மற்றக் கிணறுகளில் வாங்கலாம் என்பதுதான் அவளுடைய மூன்று வருடத் திட்டம். அந்தப் பாறை தள்ளுவதற்கு மசியாது. ஊறவிட்டு, அதே வாய் வழியாகத் திரும்ப விட்டால் மசிகிறது. வாயு துளைக்குள் போனதென்னவோ உண்மை, பாதியாவது போயிருக்கிறது. மீதிப் பாதிதான் பள்ளத்துக்குப் போனது.

புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே போய்க் குழாய்த் தாங்கியின் மேல் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. மணிக்கட்டில் பல் பட்ட இடம் அப்போதும் வலித்தது.

எண்ணெய் வாரக்கணக்கில் வந்தது. அந்தக் கிணறு தன் ஆயுளில் அப்படித் தந்ததில்லை. நெஜ்தெத் பெய்யின் முகம் மறுபடி பக்லாவா முகமாக மாறியது. பள்ளத்தில் வாயு அடங்கியதும் துரப்பணக்காரர்கள் வந்து தோண்டினார்கள். ஒரு ஆள் ஆழத்தில், மண்ணோடு மண்ணாக, துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. யாரோ எப்போதோ அதில் மரத்துண்டும் கல்லும் போட்டு நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அதையெல்லாம் குடைந்து எடுத்து, அடிவரைக்கும் சிமெண்ட் ஊற்றினார்கள்.

அங்காராக்காரர்கள் வருவதற்கு முதல்நாள் நெஜ்தெத் பெய் அவளைக் கூப்பிட்டார்.

"இதை இப்படிச் சொல்லலாம், ருகேன் ஹானம். பசை போட்டோம், வாயுவ ஏத்தினோம், ஊற வச்சோம், திறந்தோம். எல்லாம் முறைப்படி. திட்டமிட்டபடி."

"ஆட்டு மந்தையும் திட்டத்துல இருந்துதுன்னு சொல்லுங்க. அதையும் முறைப்படிதான் கொன்னோம்."

"குத்திக் காட்டாதீங்க. மறைக்கச் சொல்லல. முன்னால வைக்க வேணாம்னு சொல்றேன்."

"நான் முன்னாலதான் வைப்பேன்."

வைத்தாள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அறையில் முதல் படமாகப் பள்ளத்தைக் காட்டினாள். பிறகுதான் நுரைத்த எண்ணெயைக் காட்டினாள். ஊறவைக்கிற முறை இந்தப் பாறைக்குப் பொருந்தும், ஆனால் சுற்றிலும் இருக்கிற பழைய கிணறுகளையெல்லாம் கண்டுபிடித்து அடைக்கிறவரை ஒரு மூச்சு வாயுகூட உள்ளே போகக் கூடாது என்றாள். ஒருவர் எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். தெரியாது, ஒரு வருடம் ஆகலாம் என்றாள். அவர் முகம் சுளித்தார். அடுத்து உட்கார்ந்திருந்தவர், வயதானவர், "அந்த ஆடு மேய்ப்பவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். அந்த அறையில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஷேஹ்மூஸ் வீடு திரும்பியிருந்தார். ஒரு கை நடுங்கியது. பேச்சு இழுத்துக்கொண்டு வந்தது. பேச ஆரம்பித்த விஷயம் நடுவில் மறந்து போனது. நிறுவனம் செத்த ஆடுகளுக்குப் பதிலாக வேறு ஆடுகளை வாங்கிக் கொடுத்தது. அவற்றைக் கஸால் தனியாக மேய்த்தாள்.

மூன்றாவது முறை ருகேன் அவர்கள் வீட்டுக்கே போனபோது கஸால் அவளைத் தடுக்கவில்லை. ஷேஹ்மூஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்து, நடுங்காத கையால் மோர்க் கிண்ணத்தைப் பிடித்திருந்தார்.

"வா, வா. இவதான... மல்யுத்தக்காரி," என்றார் மெதுவாக. "நான் கீழ சுகமாத் தூங்கிட்டிருந்தேன். மேல ரெண்டு பொம்பளைங்க... கட்டிப் புரண்டு... பாக்கக் குடுத்து வைக்கல."

"வாய மூடு," என்றாள் கஸால். ஆனால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து ருகேன் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னே."

"ஆமா அத்தே. அன்னைக்குக் காத்து அடிச்சுது. மறுநாளே திரும்ப வந்திருக்கணும்."

"வந்திருக்கணும்." கஸால் தலையாட்டினாள். "நீ பிடிக்காம விட்டிருந்தா நானும் செத்திருப்பேன்னு ஊரே சொல்லுது. ஜாந்தர்மாக்காரன் சொல்றான், டாக்டர் சொல்றாரு, இந்த மனுஷனே சொல்றாரு. இருக்கட்டும். செத்திருப்பேன். ஆனா இவரு அங்க கை இழுத்துக்கிட்டுக் கெடந்தப்போ, நான் மேல நின்னுக்கிட்டு இருந்தேன். அது என் உடம்புல இருக்கு. அதை எடுக்க முடியுமா உன்னால?"

"முடியாது."

"அப்போ நன்றியெல்லாம் எதிர்பார்க்காத."

"அதுக்காக வரல அத்தே."

"பின்ன எதுக்கு வந்த?"

"மறுபடி வாயு விடப்போறோம். இப்ப இல்ல, அடுத்த வருஷம். பழைய குழிய எல்லாம் அடைச்சிட்டுத்தான். அதை உங்ககிட்ட வேற யாராவது சொல்றதுக்கு முன்னால நானே சொல்லணும்னு வந்தேன்."

கோழி ஒன்று ரொட்டியைக் கொத்த வந்தது. கஸால் அதைக் காலால் விரட்டினாள்.

"வேண்டாம்னு சொன்னா நிறுத்திடுவியா?"

"என்னால நிறுத்த முடியாது. அந்தப் பள்ளத்துல அபாயச் சங்கு வைக்க முடியும். வாயு வந்தா தானா ஊதும். அது வேலை செய்யலேன்னா வாயு ஏத்த மாட்டோம்னு நிறுவனத்துக்கிட்ட எழுதி வாங்கியிருக்கேன்."

"யாரு வந்து பாப்பா, வேலை செய்யுதான்னு?"

"நாங்க."

"நீங்க பாத்த லட்சணம் தெரியும். நான் பாப்பேன்," என்றாள் கஸால்.

அந்த வருடம் முழுக்க இரண்டு ஆட்கள் இரும்பு தேடும் கருவியைத் தூக்கிக்கொண்டு சரிவெல்லாம் நடந்தார்கள். இன்னும் நான்கு பழைய கிணறுகள் கிடைத்தன. ஒன்று பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி இருந்தது. எல்லாவற்றையும் அடைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் நாலு எண்ணெய்க் கிணறுகளில் வாயுவை ஏற்றி, மூடி, ஊறவைக்க எல்லாம் தயாரானது. நெஜ்தெத் பெய் ஓய்வுபெற்றுப்போய், அவர் இடத்தில் புதிதாக வந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

வாயுவை ஏற்ற வால்வைத் திறப்பதற்கு முன் ருகேன் கிராமத்துக்குப் போனாள். கஸால் மந்தையை ஏற்கெனவே குன்றின் மறுபக்கத்துக்கு ஓட்டிவிட்டிருந்தாள். இருவரும் பள்ளத்துக்கு நடந்தார்கள். விளிம்பில் நட்டிருந்த கம்பத்தில் சோதனைப் பித்தான் இருந்தது. கஸால் அதை அமுக்கினாள். சங்கு ஊதியது. பாறையில் உட்கார்ந்திருந்த காகங்கள் எழுந்து பறந்தன.

கஸால் கையை எடுத்துவிட்டு, கிராமத்துப் பக்கம் திரும்பிக் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"இது பத்தாது," என்றாள். "இன்னைக்குக் காத்து இல்ல, அதனால கேக்குது. காத்து எதிர்ல அடிச்சா வீட்டுக்குள்ள இருக்கறவருக்குக் கேக்காது. அவருக்குக் காது வேற முன்ன மாதிரி இல்ல."

ருகேன் சிதாருக்குப் போன் செய்தாள். பெரிய சங்கு கிடங்கில் இல்லை, தியார்பக்கிர் நகரத்திலிருந்து வரவழைக்க வேண்டும், நாலைந்து நாள் ஆகும் என்றான்.

"வரவழை," என்றாள் ருகேன். "அதுவரைக்கும் வாயு ஏத்த வேணாம்னு சொல்லிடு."

கஸால் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு ஆடுகளைத் தேடி மேட்டில் ஏறினாள். பாதி தூரம் போனவள் நின்று, திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். ருகேன் இல்லை என்றாள். "வீட்டுக்குப் போ. பானையில கோதுமைக் கஞ்சி இருக்கு. அவருக்கும் ஊத்திக் குடு, தானா ஊத்திக்கிட்டா கொட்டிடுவாரு," என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறத் தொடங்கினாள்.